காரை விட்டுவிட்டு சைக்கிளில் போகலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 46. வீட்டிலிருந்து அலுவலகம் ஏழு கிலோமீட்டர், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து காரில்தான் போய்வருகிறேன். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். காரை விற்றுவிட்டு சைக்கிளில் போகலாம் என்று பார்க்கிறேன். என் மனைவி பிடிவாதமாக வேண்டாம் என்கிறார். "சர்க்கரை வந்தால் மாத்திரை இருக்கிறது, லாரி வந்தால் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

பதில்: அவர் கேட்பது நியாயமான கேள்வி. அதைப் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சைக்கிள் ஓட்டுகிறவரைச் சுற்றி இரும்புக் கூடு கிடையாது, சீட் பெல்ட் கிடையாது, ஏர்பேக் கிடையாது. கிலோமீட்டருக்கு எத்தனை உயிரிழப்பு என்று பார்த்தால், பெரும்பாலான நாடுகளில் காருக்குள் இருப்பவரைவிட சைக்கிளில் போகிறவருக்கு ஆபத்து பல மடங்கு அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுக்க சாலை விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர், அதில் சைக்கிளில் போனவர்கள் ஏறக்குறைய 6 சதவீதம். இதை மறைத்துவிட்டு சைக்கிளின் பெருமையை மட்டும் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம்.

ஆனால் தராசின் இன்னொரு தட்டையும் பார்க்க வேண்டும் அல்லவா? பிரிட்டனில் சுமார் 2.6 லட்சம் பேரை ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களுக்கு அந்தக் காலத்துக்குள் எந்தக் காரணத்தாலும் மரணம் நேரும் வாய்ப்பு, காரிலோ பஸ்ஸிலோ போனவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது. இதய நோயும் புற்றுநோயும் வரும் வாய்ப்பும் கிட்டத்தட்ட அதே அளவு குறைவு. ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர்தானே சைக்கிளை எடுப்பார் என்று நீங்கள் கேட்கலாம். புகை, உணவு, எடை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அந்த எண் வந்தது, இருந்தாலும் இந்த மாதிரி ஆய்வில் அந்தச் சந்தேகத்தை முழுசாகத் துடைத்துவிட முடியாது. பாதிதான் உண்மை என்று வைத்துக்கொண்டால்கூட அது சின்ன லாபம் இல்லை.

உங்கள் மனைவியின் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்று 2010இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. சின்னப் பயணங்களுக்குக் காரை விட்டு சைக்கிளுக்கு மாறினால் ஆயுள் எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டார்கள். உடற்பயிற்சியால் சராசரியாக 3 முதல் 14 மாதம் கூடுகிறது. கூடுதலாக மாசுக்காற்றைச் சுவாசிப்பதால் ஏறக்குறைய 1 முதல் 40 நாள் குறைகிறது. விபத்தால் 5 முதல் 9 நாள் குறைகிறது. சரி, அது சைக்கிளுக்கென்றே தனிப் பாதை போட்ட நாடு, எல்லா ஊரும் அப்படியா? இல்லைதான். விபத்துக் கணக்கை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள், 25 முதல் 45 நாள் ஆகிறது. அப்போதும் சராசரியில் மிச்சம் லாபம்தான்.

இங்கேதான் ஒரு விஷயத்தை நிதானமாக யோசிக்க வேண்டும். லாபம் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போகிறது, நஷ்டம் அப்படிப் பிரிவதில்லை, அது ஒரே ஒரு குடும்பத்தின் தலையில் மொத்தமாக விழுகிறது. சராசரி என்ற எண்ணுக்கு அந்தக் குடும்பம் தெரியாது. உங்கள் மனைவி பயப்படுவது சராசரியைப் பார்த்து அல்ல, அந்த ஒரு நாளைப் பார்த்து. அதனால் அவரிடம் போய் 41 சதவீதம், 14 மாதம் என்று வாதாடாதீர்கள். அந்த ஒரு நாள் வரும் வாய்ப்பைக் குறைக்க என்னென்ன செய்யப் போகிறேன் என்று சொல்லுங்கள், செய்தும் காட்டுங்கள். நான் பார்த்தவரை வீட்டில் சம்மதம் கிடைப்பது இந்த வழியில்தான்.

செய்ய வேண்டியவற்றில் முதலாவது பாதையை மாற்றுவது. காரில் போகும் அதே சாலையில் சைக்கிளில் போகாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். காருக்கு நல்ல சாலை என்றால் அகலமாக, நேராக, வேகமாகப் போக வசதியாக இருக்கும், அந்த மூன்றுமே சைக்கிளுக்கு எதிரி. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் இயக்க ஆற்றல் 30இல் வருவதைப்போல இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. உள்தெருக்கள் வழியாகச் சுற்றிப் போனால் ஏழு கிலோமீட்டர் எட்டரை ஆகலாம், ஐந்தாறு நிமிடம் கூடும், அவ்வளவுதான். ஒரு விடுமுறை நாளின் காலையில் அந்தப் பாதையில் மெதுவாகப் போய்ப் பாருங்கள். எந்தத் திருப்பத்தில் பார்வை மறைகிறது, எங்கே பள்ளம், எந்தச் சந்திப்பில் கனரக வண்டிகள் திரும்புகின்றன என்று பார்த்து வையுங்கள். மோசமான சந்திப்பு ஒன்று வழியில் இருந்தே தீரும் என்றால் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

அப்புறம் லாரி. ஓரத்துப் பக்கமாகத் திரும்பப் போகும் லாரிக்கும் நடைமேடைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ஒருபோதும் நுழையாதீர்கள். ஓட்டுநருக்கு அந்த இடம் பெரும்பாலும் கண்ணாடியில் தெரியாது, லாரி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உள்வாங்கி வரும், இடைவெளி சுருங்கிக்கொண்டே போய் இல்லாமல் ஆகிவிடும். சிவப்பு விளக்கில் லாரி நின்றால் அதன் பின்னாலேயே நில்லுங்கள். நிறுத்தி வைத்திருக்கும் கார்களை ஒட்டிப் போவதும் கூடாது, எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது, ஒரு மீட்டராவது விலகிப் போங்கள். சாலையின் ஓரத்தோடு ஒட்டி, மண்ணிலும் சாக்கடை மூடியிலும் ஏறி இறங்கிப் போவதுதான் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் போனால் பின்னால் வருகிறவர் இடம் இருக்கிறது என்று நெருக்கியடித்து முந்துவார், நீங்கள் விலக இடமே இருக்காது. ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, நேர்கோட்டில், திரும்பும்போது கைகாட்டி ஓட்டுங்கள்.

பகலிலும் முன்விளக்கும் பின்விளக்கும் எரியட்டும். டென்மார்க்கின் ஓடென்சே நகரில் ஏறக்குறைய 4,000 சைக்கிள்காரர்களை இரண்டு பிரிவாகப் பிரித்துச் சோதித்ததில், எப்போதும் விளக்கு எரிந்துகொண்டிருந்த பிரிவில் காயம் ஏற்படுத்தும் விபத்துகள் 19 சதவீதம் குறைந்தன. ஒரு சின்ன விளக்குக்கு இது பெரிய பலன்.

இப்போது சர்க்கரை. ஏழு கிலோமீட்டரை அவசரப்படாமல் ஓட்டினால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். போக வர சேர்த்து, வாரம் ஐந்து நாள் என்றால் 250 நிமிடத்தைத் தாண்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்காகத் தனியாக நேரம் ஒதுக்காமல், எப்படியும் சாலையில் செலவாகும் நேரத்திலேயே அது முடிந்துவிடுகிறது, சைக்கிளின் பெரிய பலம் இதுதான். ஜிம்முக்குப் பணம் கட்டியவர்கள் பாதியில் நின்றுவிடலாம், அலுவலகத்துக்கு யாரும் போகாமல் இருக்க முடியாது. ஆனால் தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ இருந்தால் சோதனை முடியும்வரை தொடங்கவே வேண்டாம். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஓட்டும்போதே சர்க்கரை இறங்கிவிடலாம், அவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

காரை விற்பது பற்றி: இப்போது விற்காதீர்கள். மழைக்காலம் ஒன்றும் வெயில்காலம் ஒன்றும் போகட்டும். முதலில் வாரம் இரண்டு நாள் சைக்கிள், மற்ற நாள் கார். உடம்பு பழகியதும் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் வாரமே ஐந்து நாளும் போவேன் என்று இறங்குகிறவர்களில் பலர் முட்டிவலியோடு மாதக் கடைசியில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்து கார் சும்மாவே நிற்கிறது, இன்சூரன்ஸ் மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற நிலை வந்தால் நீங்களும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். கார் அவருக்கும் சொந்தம்தானே.

கேள்வி: புகையும் தூசியும் உள்ள சாலையில் வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு சைக்கிள் மிதித்தால் நுரையீரல் கெடாதா? காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவது மேல் அல்லவா?

பதில்: காருக்குள் காற்று சுத்தம் என்று நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. முன்னால் போகும் வண்டியின் புகை உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும், நெரிசலில் நிற்கும்போது வெளியில் இருக்கும் அளவை ஒட்டியே இருப்பதும் உண்டு. ஆனால் நீங்கள் சொல்வதிலும் பாதி சரி, சைக்கிள் மிதிக்கிறவர் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்குவதால் அதே காற்றிலிருந்து அதிகத் துகள்களை உள்ளே இழுக்கிறார்.

2016இல் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. பிஎம் 2.5 என்கிற நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் இருக்கும் இடத்தில், தினமும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் ஓட்டினால்தான் கெடுதல் நன்மையை மிஞ்சும் என்று கணித்தார்கள். 100 என்பதே மோசமான காற்று. சாதாரண நாளில் அரை மணி, ஒரு மணி நேரப் பயணத்துக்கு நன்மைதான் அதிகம். எப்போதாவது காற்று அதைவிடவும் கெட்டுக் கிடக்கும் நாட்களில் சைக்கிளை வீட்டில் விட்டுவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் டாக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

பிரதான சாலையை விட்டு ஒரு தெரு உள்ளே தள்ளிப் போனாலே புகை கணிசமாகக் குறையும். முதல் கேள்விக்குச் சொன்ன பாதை விஷயம் இங்கேயும் உதவுகிறது.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. கண் பார்வை மங்குகிறது, இனி கார் ஓட்ட மாட்டேன் என்று அவராகவே சாவியைக் கொடுத்துவிட்டார். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது சைக்கிள் வாங்கிக் கொடு என்கிறார். என்ன செய்வது?

பதில்: சாவியைத் தானாகக் கொடுத்த மனிதர் என்றால் அவர் தன்னைப் பற்றி நேர்மையாக யோசிக்கிறவர், அவரோடு வெளிப்படையாகவே பேசலாம். முதல் வேலை கண் டாக்டர். கண்புரையாக இருந்தால் சரிசெய்யக்கூடியது. பக்கவாட்டுப் பார்வை குறைந்திருந்தால் சைக்கிளும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதைக் கவனிக்க முடியாதவர் சாலையில் இறங்கக் கூடாது.

பார்வை பரவாயில்லை என்றால், வயதானவர்களுக்கு வண்டிகளைவிடத் தாங்களாகவே விழுவது பெரிய ஆபத்து. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் நிறையப் பேர் விழுகிறார்கள், இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடமாட மாதக்கணக்கில் ஆகும். அதனால் நடுக்கம்பி இல்லாத, காலைத் தூக்காமல் நுழைந்து ஏறக்கூடிய சைக்கிள் வாங்குங்கள். நின்றால் இரண்டு பாதமும் தரையில் படும் உயரத்தில் சீட் இருக்கட்டும். பொதுவாக, குதிகாலைப் பெடலில் வைத்தால் கீழ்நிலையில் கால் நேராக நீளும் உயரமே முட்டிக்கு நல்லது, சீட் தாழ்ந்திருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். ஆனால் இவர் விஷயத்தில் கொஞ்சம் தாழ்வாக இருந்தாலும் விழாமல் இருப்பது முக்கியம். மூன்று சக்கர வண்டி தள்ளாட்டம் உள்ளவர்களுக்கு உதவும், ஆனால் வேகமாகத் திரும்பினால் அது கவிழும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று, சைக்கிள் ஓட்டும்போது உடம்பின் எடையைச் சீட் தாங்கிவிடுவதால் இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை எலும்புக்குக் கிடைக்காது. அவர் நடப்பதையும் விட்டுவிடக் கூடாது. மேடான ஊர் என்றால் மின்மோட்டார் உதவும் சைக்கிள் யோசிக்கலாம், ஆனால் அது கனமானது, திடீரென்று இழுக்கும், வெறிச்சோடிய மைதானத்தில் நன்றாகப் பழகிய பிறகே தெருவுக்கு வர வேண்டும்.

அவர் போகப் போவது எங்கே? நூலகம், நண்பர் வீடு, பக்கத்துக் கடை என்றால் முடிந்தவரை விடாதீர்கள் என்று நான் மனதாரச் சொல்வேன். கார் போனதும் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போகும் பெரியவர்கள் ஏராளம், அந்த முடக்கம் உடம்பையும் மனதையும் சேர்த்துக் கெடுக்கிறது. சைக்கிள் கேட்கிறார் என்றால் வெளியே போக ஆசை இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: ஹெல்மெட் போட்டிருந்தால் கார்காரர்கள் இன்னும் நெருங்கி வந்து முந்துகிறார்கள், போடாமல் இருப்பதே மேல் என்கிறான் நண்பன். உண்மையா?

பதில்: அப்படி ஓர் ஆய்வு 2007இல் வந்தது உண்மை. வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான். அதே தரவுகளை 2013இல் வேறு ஆய்வாளர்கள் மறுபடி அலசி, ஹெல்மெட்டுக்கும் நெருங்கி வருவதற்கும் பொருட்படுத்தும்படியான தொடர்பு இல்லை என்றார்கள். மறுபக்கம், பல நாடுகளின் நாற்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுத் தொகுப்பு, விபத்தில் சிக்கியவர்களில் ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குத் தலையில் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம் குறைவு என்று கண்டது. லாரி ஏறினால் ஹெல்மெட் காப்பாற்றாது, அது வேறு. பள்ளத்தில் சறுக்கித் தலை தரையில் மோதும்போது காப்பாற்றும், அப்படிப்பட்ட விழுதல்தான் அடிக்கடி நடக்கிறது. போடுங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும், பின்னால் சாய்த்துப் போட்டால் நெற்றி திறந்துகிடக்கும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டில் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும், அதை மாற்றிவிடுங்கள்.