ஸ்பாவில் தலை அலசிய பிறகு பிடரி வலி, முடி உதிர்வு

கேள்வி: என் வயது 36. முடி கொட்டுவது நிற்கும் என்று சொன்னதால் ஒரு ஸ்பாவில் ஹெட் மசாஜும் ஹேர் வாஷும் செய்துகொண்டேன். அரை மணி நேரம் பேசின் விளிம்பில் கழுத்தை வைத்து அண்ணாந்தபடி படுத்திருந்தேன். தேய்த்ததில் நகம் பட்டு எரிந்தது. அலசும்போது கொத்தாக முடி வந்தது. மூன்று நாளாகப் பிடரி வலி, காதுக்குப் பின்னால் அரிப்பு. என் முடியைக் கெடுத்துவிட்டார்களா? ஐந்து சிட்டிங்குக்குப் பணம் கட்டியிருக்கிறேன். மீதி நான்குக்கும் போகலாமா?

பதில்: நீங்கள் முடியைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குக் கவலை உங்கள் கழுத்தைப் பற்றித்தான்.

கழுத்தெலும்புகளின் ஊடே மூளையின் பின்பகுதிக்கு இரண்டு ரத்தக்குழாய்கள் போகின்றன. கழுத்து வெகுநேரம் பின்னால் வளைந்தே இருந்தால், மிக அரிதாக அவற்றின் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். பார்லரில் தலை அலசிய பின் இப்படிப் பாதிக்கப்பட்ட ஐந்து பெண்களைப் பற்றி 1993இல் ஓர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் எழுதினார். அறிகுறிகள் சில நாள் கழித்துக்கூட வரலாம். உங்களுக்குப் பெரும்பாலும் தசைப்பிடிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் வலியோடு தலைசுற்றல், வாந்தி, இரட்டைப் பார்வை, நாக்குழறல், நடையில் தள்ளாட்டம், ஒரு பக்கம் மரத்துப்போதல் என்று எது இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எதுவும் இல்லையென்றாலும், வலி நீடிப்பதால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை யாரும் கழுத்தைப் பிடித்துவிட வேண்டாம், சொடக்கும் எடுக்க வேண்டாம்.

இனி முடி. உதிர்ந்த ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலை போல வெள்ளையாக ஒரு முடிச்சு இருக்கும். வேரோடு வந்துவிட்டது என்று பலரும் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். அது வேர் இல்லை. வளர்ந்து முடித்து, ஓய்வில் இருந்து, விழக் காத்திருந்த முடியின் அடிப்பகுதி. வேர்ப்பை தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. தலைக்குக் குளிக்காத நாட்களின் கணக்கும் சேர்ந்து அன்று பேசினில் விழுந்திருக்கும். மசாஜ் அதைக் கொஞ்சம் முன்கூட்டியே உதிர்த்தது, அவ்வளவுதான்.

நீங்கள் ஸ்பாவுக்குப் போகும் முன்பே கொட்டிக்கொண்டிருந்ததே, அதற்குத்தான் காரணம் தேட வேண்டும். இரண்டு மூன்று மாதம் முன்பு கடுங்காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் ஏதாவது உண்டா? ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பில் உள்ள இரும்புச்சத்தின் அளவைக் காட்டுவது), தைராய்டு மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்துக் குறைவை எந்த மசாஜும் சரிசெய்யாது.

காதுக்குப் பின்னால் அரிப்பது ஷாம்பூ ஒவ்வாமையாக இருக்கலாம். நுரை வழிந்து தங்கும் இடம் அது. அதில் உள்ள வாசனைப் பொருளோ கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனமோ ஒத்துக்கொள்ளாவிட்டால் ஓரிரு நாள் கழித்துத்தான் அரிப்பு தெரியும். ஷாம்பூ பாட்டில் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பும்படி ஸ்பாவில் சொல்லுங்கள், தோல் மருத்துவருக்கு உதவும். அரிக்கிற இடத்தில் எண்ணெய் வேண்டாம்.

மீதி நான்கு சிட்டிங்கா? முடிக்காக என்றால் வீண். சுகமாக இருக்கிறது என்பதற்காக என்றால், கழுத்து வலி முழுதாகப் போன பிறகு, உட்கார்ந்தபடி விரல்நுனியால் மட்டும் தேய்க்கச் சொல்லி, தலையை வீட்டில் வந்து அலசிக்கொள்ளுங்கள்.