மைத்துனர் கொடுத்த பட்டாளத் தோட்டா

கேள்வி: கோத்தகிரி பக்கம் நாலு ஏக்கர் தேயிலையும் கொஞ்சம் காய்கறியும் போட்டிருக்கிறேன். அப்பா காலமான பிறகு அவருடைய .30-06 ரைபிளுக்கு என் பெயரில் முறையாக லைசென்ஸ் வாங்கிவிட்டேன். தோட்டா கிடைப்பதுதான் கஷ்டம், விலையும் கட்டுப்படியாகவில்லை. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் மைத்துனர் பட்டாளத்து எஸ்.எல்.ஆர். ரைபிளுக்கான 7.62 மி.மீ. தோட்டா இருபது கொடுத்திருக்கிறார். "குண்டு ரெண்டும் ஒரே அளவுதான், சேம்பருக்குள் ஒரு புஷ் போட்டால் சுடலாம்" என்கிறார் துப்பாக்கி மெக்கானிக். (சேம்பர் என்பது குழலில் தோட்டா உட்காரும் அறை, புஷ் என்பது அதற்குள் செருகும் உலோக வளையம்.) காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை. பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தக் கூடாது. மேலே படிக்கும் முன் ரைபிளை ஓரிடத்திலும் அந்த இருபது தோட்டாக்களை வேறோரிடத்திலும் பூட்டி வையுங்கள். ஒன்றைக்கூடப் போட்டுப் பார்க்காதீர்கள்.

மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை. முனையில் இருக்கும் குண்டின் விட்டம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் பித்தளைக் கூட்டின் நீளம் உங்கள் ரைபிளுக்கு 63 மி.மீ., எஸ்.எல்.ஆர். தோட்டாவுக்கு 51 மி.மீ. குட்டையான கூடு நீளமான சேம்பரில் பிடிமானம் இல்லாமல் கிடக்கும். சுட்ட நொடியில் கூடு பிளந்து, கொதிக்கும் வாயு பின்பக்கமாக உங்கள் கண்ணுக்கு வரலாம். புஷ் போடுவதும் புதிய யோசனை அல்ல. அமெரிக்கக் கடற்படை தன் பழைய .30-06 கேரண்ட் ரைபிள்களில் 7.62 சுடுவதற்காக இதே போன்ற புஷ்ஷைப் போட்டுப் பார்த்தது. சுட்டபின் காலிக் கூட்டோடு புஷ்ஷும் வெளியே வந்து விழுந்த சம்பவங்கள் உண்டு. அது தெரியாமல் அடுத்த தோட்டாவைப் போடுகிறவரின் நிலையை யோசியுங்கள்.

7.62 பட்டாளத் தோட்டாவுக்கு உண்மையான உடன்பிறப்பு .308 வின்செஸ்டர். 1952இல் வேட்டைக்காரர்களுக்காக அது கடைக்கு வந்தது. 1954இல் நேட்டோ நாடுகள் 7.62ஐ ஏற்றுக்கொண்டன. வெளி அளவு ஏறக்குறைய ஒன்று. சேம்பரின் நீள வரம்பிலும் கூட்டின் தடிமனிலும் வித்தியாசம் இருப்பதால், இரண்டையும் மாற்றிப் போடலாமா என்று அமெரிக்காவில் இன்றும் விவாதிக்கிறார்கள். நம் நாட்டில் அந்த விவாதத்துக்கே இடமில்லை. ஆயுத விதிகளின் முதல் அட்டவணை, .303 அல்லது 7.62 ரைபிளை மட்டும் கட்டுப்படுத்தவில்லை. அந்தப் பட்டாளத் தோட்டாவை உள்ளே வாங்கிச் சுடக்கூடிய வேறு எந்தக் குழல் அளவு ரைபிளையும் அதே வகையில் சேர்க்கிறது. குழலில் என்ன அளவு பொறித்திருக்கிறது என்பதோடு சட்டம் நிற்கவில்லை, சேம்பருக்குள் எது உட்காரும் என்றும் பார்க்கிறது.

இந்தக் கவலை வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்தது. மார்ட்டினி-ஹென்றி என்ற .450 அளவு பட்டாள ரைபிள்கள் கலகக்காரர்கள் கையில் இருக்க, வேட்டைக் குண்டு அவற்றுக்குப் போய்விடும் என்று பயந்து 1907இல் இந்தியாவில் .450 ரகத்தைத் தடுத்தார்கள். இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனிகள் .470, .465 என்று புதுப்புது அளவுகளைக் கொண்டுவந்தது அதனால்தான்.

உங்கள் விஷயத்தில் எனக்கு மிகவும் பயம் தருவது அந்த புஷ்தான். இன்று உங்கள் ரைபிள் கலெக்டர் கொடுத்த லைசென்ஸில் நியாயமாக இருக்கிறது. புஷ் போட்ட மறு நிமிஷம் அது 7.62 பட்டாளத் தோட்டாவைச் சுடும் ரைபிள். அதற்கு லைசென்ஸ் தரும் அதிகாரம் கலெக்டருக்குக் கிடையாது. மத்திய உள்துறை வரை போக வேண்டும். ஆயுதத்தை இப்படி மாற்றுவதற்கு மெக்கானிக்கிடம் உரிமம் உண்டா என்பதும் கேள்வியாகும்.

இனி அந்த இருபது தோட்டா. ஆயுதச் சட்டம் 1959இன்படி லைசென்ஸில் எழுதியிருக்கும் வகைத் தோட்டாவை மட்டுமே நீங்கள் வைத்திருக்கலாம். மற்றதை வைத்திருந்தால் 25(1பி) பிரிவு: 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. தடைசெய்யப்பட்ட தோட்டா என்று போலீஸ் வழக்கு போட்டால் 25(1ஏ): 7 முதல் 14 ஆண்டு. அந்த வரையறைக்குள் இது வருமா என்று உங்கள் வக்கீல் வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அதை ஜாமீனுக்கு அலையும்போது வாதாட வேண்டிவரும். உரிமம் இல்லாமல் கைமாற்றியதற்காக உங்கள் மைத்துனர் மீதும் வழக்கு வரும். அதற்கும் குறைந்தபட்சம் 7 ஆண்டு. தோட்டாவின் அடித்தட்டில் தொழிற்சாலைக் குறியும் ஆண்டும் பொறித்திருக்கும். அது அரசாங்கச் சரக்கு என்று தெரிந்தால் திருட்டுப் பொருளை வாங்கிய குற்றமும் சேரும்.

விமானநிலையத்தில் பையின் மூலையில் ஒற்றைத் தோட்டா கிடைத்து, "எனக்கே தெரியாது" என்று சொன்ன பலரை உயர் நீதிமன்றங்கள் விடுவித்திருக்கின்றன. வைத்திருப்பது அறிந்து வைத்திருப்பதாக இருக்க வேண்டும் என்று 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதற்கு அடிப்படை. நீங்கள் தெரிந்தே வாங்கி எண்ணி வைத்திருக்கிறீர்கள். அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது.

பன்றிக்காக என்றாலும், வனவிலங்குச் சட்டத்தின் 11வது பிரிவில் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சுட முடியாது. பயிர்ச் சேதத்துக்கு வனச்சரகரிடம் மனு கொடுத்து இழப்பீடு கேளுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டாக்களை ஆற்றில் வீசாதீர்கள், புதைக்காதீர்கள். சாட்சியத்தை மறைத்ததாகப் பேசுவார்கள். மைத்துனரிடம் திருப்பிக் கொடுப்பதும் இன்னொரு கைமாற்றம்தான். பஸ்ஸில் எடுத்துக்கொண்டு நீங்களே ஸ்டேஷனுக்குக் கிளம்பவும் வேண்டாம். ஊட்டியில் குற்றவியல் வழக்கு நடத்தும் ஒரு வக்கீலை இந்த வாரமே பாருங்கள். தேவைப்பட்டால் முன்ஜாமீன் மனுவைத் தயாராக வைத்துக்கொண்டு, அவர் மூலமாக எஸ்.பி. அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்து ஒப்படையுங்கள்; எண்ணிக்கையும் அடித்தட்டுக் குறியும் எழுதிய ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். மைத்துனருக்குத் தனி வக்கீல் வைப்பது நல்லது. உங்கள் இருவரின் நலனும் இந்த வழக்கில் ஒன்றல்ல.