பழைய மொறிஸ் மைனர் காரில் பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோவைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும் புதுவகை அல்டர்னேற்றர் போடலாமா? வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டி வருமா?

போடலாம். வயரிங் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. ஆனால் கைவைக்க முதல், பற்றரியின் எந்த முனை காரின் பொடியில் (இரும்பு உடலில்) பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். இரவில் கெட்லைற் மங்குகிறது, கராஜில் "டைனமோவைத் தூக்கி எறியுங்கோ" என்று சொல்லியிருப்பார்கள், அதுதானே?

எங்களுடையது யாழ்ப்பாணத்தில் அப்பா ஓடிய 1098 சிசி மைனர். அதிலுள்ள லூக்காஸ் சி40 டைனமோ, நன்றாக ஓடும்போதே 22 அம்பியர்தான் தரும். ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றும் வராது. மாரி மழையில் கெட்லைற்றும் வைப்பரும் போட்டுக்கொண்டு ரயில் கடவையில் நின்றால் எல்லாம் பற்றரியின் தலையில்தான். "ஒறிஜினலைக் கெடுத்துவிட்டாய்" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: டைனமோ கிரீஸ் பூசி அலுமாரிக்குள் இருக்கிறது, அதன் சார்ஜைக் கட்டுப்படுத்திய கொன்ட்ரோல் பொக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் திருப்பிப் பூட்டலாம்.

கராஜ்காரர் ஒரு ஜப்பான் அல்டர்னேற்றரை எடுத்து நேரே பூட்டப் போனார். "அண்ணை, இது பொசிற்றிவ் ஏர்த்" என்றேன். அதாவது பற்றரியின் பிளஸ் முனை பொடியோடு பூட்டிய கார்; அந்த அல்டர்னேற்றருக்கோ மைனஸ் முனைதான் பொடியில் இருக்க வேண்டும். "தம்பி, நீர் பிறக்க முதலே நான் வயர் பிடிச்சனான்" என்றார். பற்றரியைக் காட்டினேன். பொசிற்றிவ் முனை எப்போதும் மற்றதைவிடச் சற்றுத் தடிப்பு. அந்தத் தடித்த முனைதான் பொடியில் போய் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு தேத்தண்ணிக்குச் சொன்னார். அப்படியே பூட்டியிருந்தால் அல்டர்னேற்றருக்குள் இருக்கும் டயோட்டுகள் அந்த இடத்திலேயே கருகியிருக்கும்.

ஆகவே முதலில் பற்றரியைத் திருப்ப வேண்டும். முனைகளின் தடிப்பு வேறு என்பதால் கிளாம்புகளையும் மாற்ற வேண்டி வரும். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் கொயிலில் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள், மைனஸ் டிஸ்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். ஸ்ராட்டரும் வைப்பரும் பழையபடியே சுற்றும், பயப்பட வேண்டாம். பழைய றேடியோவோ எலெக்ட்ரோனிக் பெற்றோல் பம்போ இருந்தால் மட்டும் கவனம்.

கொன்ட்ரோல் பொக்ஸின் ஒவ்வொரு முனைக்கும் ஓர் எழுத்து இருக்கும். அதில் 'ஏ', 'ஏ1' வயர்களை ஒன்றாக இணையுங்கள். 'டி'யில் மண்ணிறத்தில் மஞ்சள் கோடு போட்ட வயர் இரண்டு இருக்கும். மெல்லியது டாஷ்போர்ட் சிவப்பு லைற்றுக்குப் போவது; அதை 'எஃப்'பில் இருக்கும் மண்ணிறம்-பச்சையோடு சேர்த்தால், டைனமோப் பக்கம் இருந்த பச்சைக் கோட்டு வயரின் மறுமுனை அல்டர்னேற்றரின் 'எல்' (சிவப்பு லைற்) முனைக்குச் சரி. தடித்த வயரையும் 'ஈ'யின் கறுப்பு வயரையும் கழற்றி இன்சுலேஷன் ரேப் சுற்றி விட்டேன். அந்தத் தடித்த வயர் 22 அம்பியருக்குப் போட்டது, அதை நான் நம்பவில்லை. அல்டர்னேற்றரில் சார்ஜ் வெளிவரும் 'பி' முனையிலிருந்து ஸ்ராட்டர் சொலினொயிட்டின் பற்றரிப் பக்கத்துக்குப் புதிதாக 6 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்தேன். அல்டர்னேற்றரில் 'ஐஜி' (இக்னிஷன்) முனையும் இருந்தால், அதற்கு பியூஸ் பொக்ஸின் 'ஏ3'இலிருந்து எடுங்கள். அல்டர்னேற்றரின் புலியில் (பெல்ற் ஓடும் சில்லில்) பல கோடுகள் இருந்தால் உங்கள் வி பெல்ற் உட்காராது, புலியையும் மாற்ற வேண்டும்.

இதெல்லாம் செய்து கார் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் வந்த தொல்லை வேறு. ஊரில் யாருக்குக் கலியாணம் என்றாலும் மாப்பிள்ளைக் கார் எங்களுடையதுதான். வாடகை பற்றிப் பேச்சே இல்லை, பெற்றோலும் நான்தான். பூவைச் செலோரேப்பால் பொனற்றில் ஒட்டுவார்கள், மறுநாள் உரிக்கும்போது பெயின்றும் சேர்ந்து வரும். கேட்டால் "பழைய கார்தானே".

சரி, கடைசியாக ஒன்று. எல்லாம் முடிந்ததும் பொனற்றின் உட்பக்கம் 'நெகற்றிவ் ஏர்த்' என்று பெரிதாக எழுதி விடுங்கள். அடுத்த முறை பற்றரி பூட்டும்போது நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள் என்று சொல்ல முடியாது.