சுங்கை சிப்புட்டிலிருந்து திருச்சி: எந்த டெர்மினல்?

வணக்கம் தங்கச்சி. அம்மாவுக்கு மூட்டுவலி, திருச்சிக்கு ஏர் ஆசியா டிக்கெட், கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் எங்கே இறங்குவது என்று கேட்டிருந்தீர்கள். டெர்மினல் 2. 2014இல் திறந்த அதே கேஎல்ஐஏ2தான், பெயர் மட்டும் மாறிவிட்டது. பாத்தேக் ஏர் என்றால் டெர்மினல் 1.

என் அம்மாவோடு போனபோது டாக்சிக்காரர் டெர்மினல் 1இல் இறக்கிவிட்டுப் போய்விட்டார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு ரயில் பிடித்தோம். மூன்றே நிமிடம்தான், ஆனால் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

சக்கர நாற்காலியை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். பி (P), கியூ (Q) வாசல்களுக்குச் சுமார் 300 மீட்டர் ஸ்கைபிரிட்ஜை, அதாவது உயரத்தில் உள்ள நடைபாலத்தை, கடக்க வேண்டும். அம்மா தாங்கமாட்டார்.

அடுத்த முறை சென்னை போனால் பினாங்கிலிருந்து போகப் பாருங்கள். 2024 டிசம்பரில் இண்டிகோ நேரடிச் சேவை தொடங்கியது. நம் ஊருக்கு அதுதான் பக்கம்.