நாலு மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைகள்

அன்புள்ள அம்மா,
மும்பை செம்பூரிலிருந்து எழுதுகிறேன். மகன் மூன்றாம் வகுப்பு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான், எழுதத்தான் திணறுகிறான். போர்டில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் டீச்சர் அழித்துவிடுகிறார், நிற்கவும் வைக்கிறார். இப்போது திங்கட்கிழமை என்றாலே அவனுக்கு வயிற்றுவலி. பள்ளியை நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? மாமியார், ‘பத்தாவது எப்படி எழுதுவான்?’ என்கிறார். உங்கள் மகளை வீட்டில் படிக்க வைத்தவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன். பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியாரின் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். 14 வயது முடிந்தால் என்.ஐ.ஓ.எஸ்.ஸில், அதாவது பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத மத்திய அரசு நடத்தும் திறந்தநிலைப் பள்ளியில், பத்தாவது எழுதலாம், 5 பாடம், வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு, தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது, ஆனால் சேர்க்காதவர்களுக்கு அதில் தண்டனை இல்லை.

எனக்குக் கவலை அவன் கையைப் பற்றித்தான். வாயால் சொல்கிற பிள்ளை எழுதத் திணறினால் அது சோம்பேறித்தனம் இல்லை. எழுதுவதில் வரும் கற்றல் குறைபாடான டிஸ்கிராஃபியாவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே சயான் மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டைப் பரிசோதிக்கிறார்கள், சான்றிதழ் கிடைத்தால் பத்தாவது தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. இதைப் பார்க்காமல் வீட்டுக்குக் கூட்டிவந்தால் அதே நோட்டு, அதே பென்சில், அதட்டுகிற டீச்சர் மட்டும் நீங்கள்.

நான் அப்படித்தான் ஆனேன். மாட்டுங்காவில் எங்கள் ஒற்றைப் படுக்கையறை வீட்டில், மகளுக்குப் பத்து வயதில், காலை எட்டு முதல் ஒன்றுவரை டைம்டேபிள் போட்டு மூன்று மாதம் இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அவளை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தேன். மராத்தி டிக்டேஷனில் தேறாதவள் மும்பை டவுன் பஸ்ஸான பெஸ்ட் பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் மராத்தி எண்ணைத் தூரத்திலேயே படித்துச் சொன்னாள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, அரிசி மூன்று டம்ளர்தான் இருக்கிறது என்றால் உளுந்து எவ்வளவு? முக்கால் டம்ளர் என்று அளந்து கொட்டிக் காட்டினாள். பின்னம் அன்றைக்குத்தான் அவளுக்குப் பிடிபட்டது.

ஆனால் தினமும் நாலு மணிக்கு பால்கனிக்குப் போய்விடுவாள். பில்டிங் பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி, அன்றைக்கு நடந்த ஏதோ ஒன்றைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே படியேறுவார்கள். அந்தச் சிரிப்பு எதற்கென்று அவளுக்குத் தெரியாது. இரண்டாம் வருஷக் கடைசியில் அவளே பள்ளிக்குப் போகிறேன் என்றாள், சேர்த்துவிட்டேன். அந்த இரண்டு வருஷமும் வீணில்லை, திரும்பிப் போனதும் தோல்வியில்லை.

அதனால் முடிவெடுக்கும் முன் உங்கள் மகனுக்கு வகுப்பில் யார் யார் கூட்டாளிகள், நிறுத்திவிட்டால் அவர்களைத் தினமும் எங்கே பார்ப்பான் என்று யோசியுங்கள். பகல் முழுக்க வீட்டில் யார் இருப்பீர்கள் என்பதையும் வீட்டுக்காரரிடம் இப்போதே பேசுங்கள், எல்லாம் உங்கள் தலையில் விழுந்துவிடக் கூடாது.

அப்புறம் அந்த டீச்சரை நேரில் பாருங்கள். போர்டை போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்ப முடியுமா என்று தன்மையாகவே கேளுங்கள். நிற்க வைப்பது தொடர்ந்தால், பிள்ளையை அடிப்பதையும் மனசு நோகச் செய்வதையும் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது என்று பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடுங்கள்.

சயான் போய் வந்ததும் எழுதுங்கள். அதுவரை திங்கட்கிழமை வயிறு வலித்தால் லீவு போடுங்கள், குடி ஒன்றும் முழுகிவிடாது.