முதலில் சீலிங்கைப் பாருங்கள்: பவுன்ஸ் ஃபிளாஷ் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா என்று இருபது ஆண்டுக்கு மேலாகப் படம் பிடித்து வருகிறேன். தீபாவளி நெருங்கினால் புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி ஃபிளாஷைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பவுன்ஸ் என்றால் ஃபிளாஷை நேராக ஆள் மேல் அடிக்காமல், சீலிங்கிலோ சுவரிலோ அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் எடுப்பது.

அண்ணே, ஃபிளாஷை நேராக அடித்தால் வெளிச்சம் சரியாக இருக்கிறது. டேவானில் (மண்டபத்தில்) ஃபிளாஷ் தலையை மேலே திருப்பி அடித்தால் படம் இருண்டுவிடுகிறது. டிடிஎல் பவுன்ஸுக்கு ஒத்துவராதா? (கல்லூரி மாணவர்)

நன்றாகவே ஒத்துவரும் தம்பி. டிடிஎல் என்பது லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அளந்து கேமராவே ஃபிளாஷைக் கட்டுப்படுத்தும் முறை. ஷட்டரை அமுக்கியதும் ஃபிளாஷ் முதலில் ஒரு சின்ன முன்வெளிச்சம் விடும். அது சீலிங்கில் பட்டு, ஆள் மேல் பட்டு, லென்ஸ் வழியாக உள்ளே வருவதைக் கேமரா அளக்கும். அதை வைத்துத்தான் உண்மையான ஃபிளாஷ் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று முடிவு செய்யும். சீலிங் எவ்வளவு உயரம் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. நேராக அடிக்கும்போது சில கேமராக்கள் லென்ஸ் சொல்லும் தூரத்தையும் கணக்கில் சேர்க்கும். தலையைத் திருப்பிவிட்டால் அந்தத் தூரத்துக்கு அர்த்தமில்லை என்று விட்டுவிடும். ஃபிளாஷ் திரையில் இருந்த தூர அளவு அப்போது மறைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் படம் இருண்டதற்குக் காரணம் அளவு தப்பியதில்லை, சக்தி தீர்ந்துபோனது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100-இல் கைடு நம்பர் 40 உள்ள ஃபிளாஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைடு நம்பர் என்பது ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண். அதை மீட்டர் தூரத்தால் வகுத்தால் லென்ஸ் திறப்பைச் சொல்லும் எஃப் எண் வரும். எஃப் எண் சின்னதானால் திறப்பு பெரிது. வீட்டில் சீலிங் 3 மீட்டர், ஃபிளாஷ் தரையிலிருந்து 1.5 மீட்டர், ஆள் 3 மீட்டர் தள்ளி நிற்கிறார். வெளிச்சம் ஏறி இறங்கும் பாதை ஏறக்குறைய 4.2 மீட்டர். 40-ஐ 4.2-ஆல் வகுத்தால் எஃப் 9.5. சீலிங் விழுங்குவதும் சிதறடிப்பதும் போக இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) கழியும், எஃப் 4.8 மிஞ்சும். வீட்டுக்கு இது போதும்.

அதே ஃபிளாஷை 6 மீட்டர் உயர டேவானுக்குக் கொண்டுபோங்கள். பாதை 9.5 மீட்டர் ஆகிவிடும். கழித்தது போக எஃப் 2.1 தான் கையில் நிற்கும். நீங்கள் ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6 வைத்திருந்தால் ஃபிளாஷ் முழுச் சக்தியையும் கொட்டினாலும் எட்டாது. ஐஎஸ்ஓ 1600, எஃப் 4 வையுங்கள். கால் பங்குச் சக்தியிலேயே வேலை முடிந்துவிடும், அடுத்த படத்துக்கும் சட்டென்று தயாராகும். ஐஎஸ்ஓ ஏற்றினால் புள்ளி விழும் என்று பலர் பயப்படுகிறார்கள். இருண்ட படத்தைக் கணினியில் வெளிச்சமாக்கினால் அதைவிட அதிகமாக விழும்.

எங்கள் லயத்து வீட்டில் (தோட்டத்து வரிசை வீடு) சீலிங்கே கிடையாது, தகரக் கூரைதான். சுவரும் பச்சைப் பெயின்ட். என்ன செய்வது? (தோட்டத்திலிருந்து ஒரு தங்கை)

கூரையை மறந்துவிடுங்கள் தங்கச்சி. கறுத்த தகரமும் மரச்சட்டமும் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம்தான் திருப்பித் தரும். பச்சைச் சுவரில் அடித்தால் அளவு சரியாக வரும், ஆனால் முகம் பச்சையடிக்கும். டிடிஎல் வெளிச்சத்தின் அளவைத்தான் பார்க்கும், நிறத்தைத் திருத்தாது.

வெள்ளையாக ஒன்றை நாமே உண்டாக்க வேண்டியதுதான். ஒரு நிச்சயதார்த்தம், இப்படித்தான் ஒரு வீடு. கூடத்தின் பக்கவாட்டில் துணிக்கொடி ஒன்று இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு வெள்ளை வேட்டியை வாங்கி இரண்டாக மடித்து அதில் போட்டேன். ஃபிளாஷ் தலையைப் பக்கவாட்டில் திருப்பி அந்த வேட்டியில் அடித்தேன். வெளிச்சம் ஜன்னலிலிருந்து வருவதுபோல் ஒரு பக்கமாக வந்து பெண்ணின் கன்னத்தில் விழுந்தது. மூக்குத்திக்குக் கீழே மெல்லிய நிழல், அடுத்த கன்னம் கொஞ்சம் மங்கல். அன்றைக்கு எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான். வேட்டியை ஒற்றையாகப் போடாதீர்கள், வெளிச்சம் பாதி பின்னால் போய்விடும். வெளுத்து வெளுத்து மஞ்சள் பூத்த துணியும் வேண்டாம்.

பள்ளிப் பரிசளிப்பில் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை எல்லாம் சாம்பலாக வருகிறது. ஆட்டோவில்தான் எடுத்தேன். (தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

டீச்சர், ஆட்டோவில் எடுத்ததால்தான். தனக்கு முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துத்தான் கேமரா அளக்கிறது. சட்டகம் முழுக்க வெள்ளைச் சட்டை இருந்தால், வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று ஃபிளாஷைக் குறைத்துவிடும். கறுப்புக் கோட்டு மாப்பிள்ளையை நெருக்கமாக எடுத்தால் இதற்கு நேர்மாறு, ஏற்றிவிடும்.

ஃபிளாஷின் வெளிச்சத்தை மட்டும் நாமே கூட்டிக் குறைக்க ஃபிளாஷ் காம்பென்சேஷன் என்று தனியாக ஒன்று இருக்கிறது. வெள்ளைக்குக் கூட்டல் 2/3 முதல் கூட்டல் 1 வரை, கறுப்புக்குக் கழித்தல் 2/3. சாதாரண எக்ஸ்போஷர் காம்பென்சேஷனோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கேனானில் அது அறை வெளிச்சத்தை மட்டும் மாற்றும், நிக்கானின் பல கேமராக்களில் இரண்டையும் சேர்த்து மாற்றும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் முகம் வெளுப்பாக வந்தால்தான் நல்ல படம் என்று நினைத்து, வேண்டுமென்றே ஃபிளாஷை ஏற்றுகிறார்கள். எனக்கு அது மனசுக்கு வலிக்கும். ஆயுசு முழுக்க ரப்பர் மரம் சீவிய பாட்டியின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் ஒரு கணக்கு. அதை வெளுத்தால் வேறு யாரோ ஒருவர்தான் படத்தில் இருப்பார். சட்டை வெள்ளையாக வரட்டும், முகம் அதன் நிறத்தில் இருக்கட்டும். ஹிஸ்டோகிராமின் (கேமரா திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரம் முட்டாமல் பார்த்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.

ஏவி மோடில் எடுத்தால் எல்லாரும் ஆடியதுபோல் வருகிறார்கள். ஃபிளாஷ் போட்டும் ஏன்?

கேனான்தானே? ஏவியில் எஃப் எண்ணை நாம் வைப்போம், ஷட்டர் வேகத்தைக் கேமரா முடிவு செய்யும். அது அறை வெளிச்சத்துக்கும் சேர்த்து ஷட்டரை மெதுவாக்கும், இருட்டறையில் அரை நொடி வரைகூடப் போகும். எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் மோடுக்கு மாறுங்கள். ஷட்டர் 1/100 நொடி, எஃப் 4, ஐஎஸ்ஓ 800 என்று நீங்களே வைத்துவிடுங்கள். எம் என்றதும் பலர் பயப்படுகிறார்கள். கேமராதான் உங்கள் கையில், ஃபிளாஷ் இன்னும் டிடிஎல்லில் தானாகவே அளந்துகொள்ளும். பின்னணி கறுப்பாகப் போனால் 1/60-க்கு இறக்குங்கள். மேலே 1/200 அளவில் நிற்க வேண்டும், அதற்கு மேல் போனால் பல கேமராக்களில் ஷட்டர் திரை படத்தின் ஓரத்தை மறைக்கும்.

குத்துவிளக்கு, நகை, சுவரில் கண்ணாடி போட்ட சாமி படம். இவை இருந்தால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு.

முன்வெளிச்சம் பித்தளையிலோ கண்ணாடியிலோ பட்டுப் பளீரென்று திரும்பினால் மீட்டர் ஏமாந்துவிடும். 2004-இல் வந்த கேனானின் இ-டிடிஎல் 2 போன்ற டிடிஎல் முறைகள், முன்வெளிச்சத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பகுதியையும் ஒப்பிட்டு, மிகையாகப் பளிச்சிட்டதை ஒதுக்கப் பார்க்கும். ஆனாலும் எப்போதும் தப்பிக்காது. ஃபிளாஷ் லாக் பொத்தான் இருந்தால் சட்டகத்தின் நடுவைப் பெண்ணின் முகத்தில் வைத்து அமுக்குங்கள், முன்வெளிச்சம் அப்போதே அடித்து அளந்துகொள்ளும். பிறகு வேண்டியபடி சட்டகத்தை நகர்த்தி எடுக்கலாம்.

முன்வெளிச்சத்துக்குக் கண் மூடிவிடும் ஆட்களுக்கும் இதே மருந்துதான். லாக் செய்து, ஒரு நொடி விட்டு எடுங்கள்.

தீமிதிக்கு இரவில் எதில் பவுன்ஸ் அடிப்பது?

திறந்த வெளியில் அடிக்க எதுவும் இல்லை ஐயா. வானத்தில் அடித்து பேட்டரியைத் தீர்க்காதீர்கள். கோயில் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிட்டு, நேராகவே, ஃபிளாஷ் காம்பென்சேஷனைக் கழித்தல் 1 அல்லது 1.5 வைத்து, ஷட்டரை 1/30 பக்கம் இறக்குங்கள். தணலின் சிவப்பு படத்தில் நிற்கும், முகத்துக்கு ஃபிளாஷ் கொஞ்சம் தொட்டுக்கொடுக்கும்.

அப்பாவின் ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் ஒன்று இருக்கிறது, தலை மேலே திரும்பும். டிஜிட்டலில் போடலாமா?

போடுவதற்கு முன் நில்லுங்கள். சில பழைய ஃபிளாஷ்களில், கேமராவைத் தொடும் காலடி முனையில் இருக்கும் ட்ரிக்கர் மின்னழுத்தம் 200 வோல்ட்டைத் தாண்டும், கேமராவின் உள்சுற்று எரிந்துபோகலாம். உங்கள் கேமரா தாங்கும் அளவுக்குள் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதில் டிடிஎல் வேலை செய்யாது. ஃபிலிம் காலத்து டிடிஎல், படம் பதியும்போதே ஃபிலிமிலிருந்து தெறிக்கும் வெளிச்சத்தை அளந்தது. டிஜிட்டல் சென்சார் அதுபோல் திருப்பித் தராது, அதனால்தான் டிஜிட்டலில் முன்வெளிச்ச முறையை நம்ப வேண்டியிருக்கிறது. ஆனால் பல பழைய ஃபிளாஷ்களின் உடம்பிலேயே ஒரு கண் இருக்கும். தலை மேலே திரும்பினாலும் அந்தக் கண் ஆளைப் பார்த்தபடி இருக்கும், போதுமான வெளிச்சம் வந்ததும் தானே அணைத்துக்கொள்ளும். ஃபிளாஷில் போட்டிருக்கும் ஐஎஸ்ஓவையும் அப்பெர்ச்சரையும் கேமராவிலும் வைத்தால் போதும். பவுன்ஸுக்கு அது இன்றைக்கும் அருமையாக உழைக்கும்.

அப்பாவின் பொருளைப் பத்திரமாகத் துடைத்து, பேட்டரி கசிந்திருக்கிறதா என்று பார்த்து, சனிக்கிழமை கடைக்குக் கொண்டுவாருங்கள். என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது, ஃபிளாஷின் காலடி முனையில் வைத்து மின்னழுத்தத்தை அளந்துவிடுவோம்.