காயம் ஆறிவிட்டது, ஆள் பழையபடி இல்லை

கேள்வி: லாரி மோதி என் கணவருக்குத் தலையில் அடி. காயம் ஆறிவிட்டது, ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறார், வேலையும் போய்விட்டது. இழப்பீடு கிடைக்குமா?
- வாசகி, கரூர்

பதில்: தாராளமாகக் கேளுங்கள் சகோதரி. ஊனம் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஊனம் எத்தனை சதவீதம் என்பதைவிட, அதனால் சம்பாத்தியம் எவ்வளவு போனது என்பதுதான் முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. 2020-இல், விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட ஒரு சிறுமிக்கு, ஆயுள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர்களின் சம்பளத்தையும் சேர்த்து 62 லட்சத்துக்கு மேல் கொடுத்தது. அதனால் நீங்கள் படும் பாட்டையும் மனுவில் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எஃப்.ஐ.ஆர். நகல் இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். நினைவாற்றல் பரிசோதனை செய்து சான்று வாங்குங்கள். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும், குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். அப்புறம், சமரசம் என்று யாராவது காகிதத்தை நீட்டினால் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.